தேர்தல் மனு: மனுதாரரின் தகுதியில் கோட்டை விடாதீர்கள்

மொரீஷியஸில் பொதுத்தேர்தல் முடிந்த கையோடு தலைநகர் போர்ட் லூயிஸ் வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு, முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் மனுப் போட ஆட்கள் வரத் தொடங்குவார்கள். முறைகேட்டுக்கான ஆதாரம் பை நிறைய இருக்கும். மனுப் போட இவர் யார் என்பதற்கு மட்டும் ஒரு காகிதமும் இருக்காது. புதிதாகத் தொழிலுக்கு வந்த வழக்கறிஞர்களும் அதைக் கேட்பதில்லை. கையெழுத்து விட்டுப்போவது, பக்க எண் மாறுவது எல்லாம் யாருக்கும் தெரிந்த பிழைகள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"நான் ஒரு வாக்காளர்" என்பதோடு நிறுத்திக்கொள்வது

அரசியலமைப்பின் 37ஆம் பிரிவு மூன்று தரப்புக்குத்தான் வழிவிடுகிறது: அந்தத் தேர்தலில் வாக்களிக்க உரிமை உள்ளவர், அதில் வேட்பாளராக நின்றவர், அட்டர்னி ஜெனரல். நாட்டில் எங்கோ ஓட்டு இருந்தால் போதாது. எந்தத் தொகுதியின் முடிவை எதிர்க்கிறோமோ அந்தத் தொகுதிப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

காத்ர் போர்னில் குடியிருக்கும் ஒருவர் 18ஆம் தொகுதி முடிவை எதிர்த்து வந்தார். மின்கட்டண ரசீது, அடையாள அட்டை எல்லாம் கொண்டுவந்திருந்தார். பிரமாணப் பத்திரமும் தயார். வாக்காளர் பட்டியலைத் திறந்தால், அவர் பெயர் பக்கத்து 19ஆம் தொகுதியில், ரோஸ் ஹில் முகவரியில் இருக்கிறது. ஜனவரியில் வாக்காளர் பதிவுக்காக வீடு வீடாக விசாரித்து வந்தபோது பழைய வீட்டில் இருந்திருக்கிறார். ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த பட்டியலிலும் பெயர் அங்கேயே நின்றுவிட்டது. ஓட்டும் அங்கேதான் போட்டிருக்கிறார். "வீடு இங்கதானே ஐயா இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பாவம், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பட்டியலைப் பார்க்காமலே பத்திரம் தயாரித்த இளைஞர்மேல்தான் கோபம்.

முடிவு அறிவித்ததிலிருந்து 21 நாள்தான் கெடு. அதில் இரண்டு நாள் பாக்கி. 18ஆம் தொகுதி வாக்காளர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரை விஷயம் முழுவதும் படிக்கவைத்து, எல்லாவற்றையும் புதிதாக எழுதினோம். அவர் கிடைக்காமல் போயிருந்தால் எதிர்த்தரப்பு முதல் வேலையாக இதைத்தான் பிடித்திருக்கும். பையில் இருந்த ஆதாரத்தை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். கெடு போனபின் வேறு பெயரில் புது மனுப் போடவும் முடியாது.

அதனால் குற்றச்சாட்டை எழுதத் தொடங்கும் முன்பே, தேர்தல் நாளன்று நடைமுறையில் இருந்த பட்டியலின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். தொகுதி எண், பெயர், பதிவான முகவரி மூன்றும் பிரமாணப் பத்திரத்தின் முதல் பத்தியிலேயே வரட்டும்.

கட்சியின் பெயரில் மனு

கட்சிக்கு ஓட்டு கிடையாது.

வேட்பாளருக்குச் சான்று வேண்டாம் என்று நினைப்பது

8ஆம் தொகுதியில் 2005 முடிவை எதிர்த்த ரிங்காடு, 2019 முடிவை எதிர்த்த சுரேன் தயாள் இருவருமே அங்கே நின்று தோற்ற வேட்பாளர்கள். முதலாமவர் 2008இல், மொரீஷியஸ் வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை வென்றார். மற்றவர் 2023இல் அங்கேயே தோற்றார். வேட்பாளரே மனுதாரராக இருப்பது நல்ல பலம்தான். அப்போதும் வேட்பாளர் பட்டியலையும் முடிவு அறிவிப்பையும் இணைத்துவிடுங்கள்.

பெயர் வேறுபாடு

அடையாள அட்டையில் கணவர் பெயர், பட்டியலில் தகப்பனார் பெயர் என்றால் திருமணச் சான்றிதழையும் மனுவோடு வையுங்கள். எதிர்த்தரப்பு கேட்டபின் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.