புல்லட்டும் நம்பரும் ஏன் இப்படி அடம் பிடிக்குது? வேர்ட்லயும் பவர்பாயிண்ட்லயும் லிஸ்ட்டை வழிக்குக் கொண்டுவர்றது எப்படி

ஒரு தடவை 22 படி உள்ள ஒரு கையேடு டைப் பண்ணிட்டிருந்தேன். நம்பர் எல்லாம் கையாலயே போட்டது. வேர்ட் தானா நம்பர் போட வந்தப்போ எரிச்சல்ல அதை ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன், நமக்குத் தெரியாததையா அது போட்டுடப் போகுதுன்னு ஒரு திமிர். குடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி பாத்தா அஞ்சாவது படிக்கு அப்புறம் ஒண்ணு விட்டுப்போயிருக்கு. அதைச் சேர்த்துட்டு 6லேர்ந்து 22 வரைக்கும் பதினேழு நம்பரையும் ஒவ்வொண்ணா அழிச்சு மாத்தினேன், சரி முடிஞ்சுதுன்னு தூங்கப் போயிட்டேன், ஆனா நடுவுல "படி 9ல சொன்ன மாதிரி"ன்னு எழுதின ரெண்டு இடம் அப்படியே நின்னுடுச்சு. படிச்சவர் 9ல தேடித் தேடிப் பாத்துட்டு என்கிட்டயே கேட்டார்.

அன்னிக்குதான் மண்டைல ஏறுச்சு. லிஸ்ட்ல இருக்கற நம்பரும் புல்லட்டும் நாம டைப் பண்ற எழுத்து கிடையாது, அந்தப் பாராவோட குணம். உங்க ஃபைல்ல இருக்கறது நிஜ லிஸ்ட்டா இல்ல கையால போட்டதான்னு பாக்கணும்னா வேர்ட்ல அந்த நம்பர் மேல ஒரு கிளிக் பண்ணுங்க. நிஜ லிஸ்ட்னா கர்சர் அதுக்குள்ள போகாது, அந்த லெவல்ல (லிஸ்ட்டுக்குள்ள லிஸ்ட் வந்தா ஒவ்வொரு அடுக்கும் ஒரு லெவல்) உள்ள எல்லா நம்பரும் சேர்ந்து சாம்பல் கலர்ல தெரியும். கர்சர் உள்ள போய் நிக்குதுன்னா அது வெறும் எழுத்து. ஆல்ட் அமுக்கிட்டு 0149 அடிச்சு வரவைக்கற புள்ளியும் அதே கதைதான், பாக்க புல்லட், வேலைக்கு ஆகாது. பார்வை இல்லாதவங்க யூஸ் பண்ற ஸ்க்ரீன் ரீடரும் நிஜ லிஸ்ட்டா இருந்தாதான் அதை லிஸ்ட்னே அடையாளம் கண்டு சொல்லும்.

ஆரம்பிக்கறது சுலபம். புது வரில ஸ்டார் குறி போட்டு ஸ்பேஸ் தட்டுனா புல்லட், 1 போட்டு புள்ளி வெச்சு ஸ்பேஸ் தட்டுனா நம்பர். வேண்டாத இடத்துல தானா மாறிடுச்சுன்னா உடனே கண்ட்ரோல் இசட் ஒரே ஒரு தடவை, லிஸ்ட் மட்டும் போயிடும், நீங்க அடிச்சது இருக்கும், இதுக்காக அந்த வசதியையே ஆஃப் பண்ண வேண்டாம். ஷார்ட்கட் வேணும்னா வேர்ட்ல கண்ட்ரோல் ஷிஃப்ட் எல் புல்லட்டுக்கு. கூகுள் டாக்ஸ்ல கண்ட்ரோல் ஷிஃப்ட் 8 புல்லட், 7 நம்பர். இந்த டாக்ஸ் பழக்கத்துல வேர்ட்ல போய் 8ஐ அமுக்குனா புல்லட் வராது, பக்கம் பூரா ¶ இப்படி ஒரு குறி முளைச்சு நிக்கும், பயந்துடாதீங்க, திரும்ப அமுக்குனா மறைஞ்சிடும். ஆனா அந்தக் குறிய ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ தேவைப்படும்.

எண்டர் தட்டுனா அடுத்த புல்லட், காலி புல்லட்ல இன்னொரு எண்டர் தட்டுனா லிஸ்ட்லேர்ந்து வெளிய, உள் லெவல்ல இருந்தா முதல்ல ஒரு லெவல் மேல வரும், அப்புறம் வெளிய. இது எல்லாருக்கும் தெரியும். ஒரே பாயிண்ட்டுக்குள்ள ரெண்டாவது பாரா எழுதணும்னா என்ன பண்றதுன்னுதான் நிறைய பேருக்குத் தெரியாது, எண்டர் தட்டி, வந்த நம்பரை அழிச்சு, ஸ்பேஸா தட்டித் தட்டி நேரா கொண்டுவருவாங்க, ஃபான்ட் மாத்துனதும் எல்லாம் கோணலாயிடும். ஷிஃப்ட் எண்டர் தட்டுங்க, புது நம்பர் வராம அடுத்த வரி அதே நேர்ல வரும். ஒரே ஒரு சிக்கல், பாரா ரெண்டு பக்கமும் சமமா ஜஸ்டிஃபை பண்ணியிருந்தா ஷிஃப்ட் எண்டர் தட்டுன வரில வார்த்தைக்கு வார்த்தை பல்லு விழுந்த மாதிரி இடைவெளி வந்துடும். அப்போ எண்டர் தட்டிட்டு ஒரே ஒரு பேக்ஸ்பேஸ் அடிங்க, நம்பர் போயிடும், உள்தள்ளல் நிக்கும்.

லெவல் மாத்த டேப், திரும்ப மேல வர ஷிஃப்ட் டேப். பவர்பாயிண்ட்ல கர்சர் வரியோட ஆரம்பத்துல இருந்தாதான் டேப் லெவலை மாத்தும், நடுவுல இருந்தா வெறும் இடைவெளிதான் விழும். ஆல்ட் ஷிஃப்ட்டோட வலது இடது அம்புக்குறி அமுக்குனா கர்சர் எங்க இருந்தாலும் கவலையில்ல. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆல்ட் ஷிஃப்ட் மேல் அம்பு, கீழ் அம்பு, அந்தப் பாயிண்ட்டே தூக்கிட்டு நகரும், நம்பரும் தானா மாறிக்கும். வேர்ட்ல ஒன்பது லெவல் வரைக்கும் போகலாம், ஆனா மூணாவது லெவலுக்கு நீங்க போயிட்டீங்கன்னா அங்க தேவை லிஸ்ட் இல்ல, ஒரு டேபிளோ தனித் தலைப்போதான்.

இப்போ அந்த ¶ குறி. இப்படி ஒண்ணு பாத்திருப்பீங்க: எல்லா நம்பரும் கறுப்பா இருக்கு, நாலாவது மட்டும் சிவப்பா, போல்டா நிக்குது, வரில எதுவும் சிவப்பு இல்ல. நம்பரை செலக்ட் பண்ணி மாத்தலாம்னா நம்பர் மாட்டவே மாட்டேங்குது. விஷயம் என்னன்னா நம்பரோட கலர், சைஸ், போல்ட் எல்லாம் அந்தப் பாரா முடியற இடத்துல இருக்கற ¶ குறிலேர்ந்துதான் வருது. வரியோட கடைசி வார்த்தைய எப்பவோ சிவப்பாக்கும்போது குறியும் சேர்ந்து சிவப்பாயிருக்கும், அப்புறம் வார்த்தைய மட்டும் கறுப்பாக்கியிருப்பீங்க. குறிகளை வரவெச்சு அந்த ஒரு குறிய மட்டும் செலக்ட் பண்ணி கறுப்பாக்குங்க, நம்பரும் கறுப்பாயிடும். அதே மாதிரி நம்பர் மட்டும் போல்டா வேணும், எழுத்து வேண்டாம்னாலும் இந்தக் குறிய போல்ட் பண்ணுனா போதும்.

நம்பர் 1லேர்ந்து ஆரம்பிக்காம 7னு வருது, இல்ல தொடர வேண்டிய இடத்துல திரும்ப 1னு வருதுன்னா நம்பர் மேலயே ரைட் கிளிக் பண்ணுங்க. ரீஸ்டார்ட் அட் 1, கண்டினியூ நம்பரிங், செட் நம்பரிங் வேல்யூன்னு வரும், வேண்டியதை எடுத்துக்கலாம். பவர்பாயிண்ட்ல நம்பர் நீங்க டைப் பண்ற அந்த எழுத்துப் பெட்டியோட முடிஞ்சிடும், அடுத்த ஸ்லைடுல 6லேர்ந்து தொடரணும்னா புல்லட்ஸ் அண்ட் நம்பரிங் பெட்டில ஸ்டார்ட் அட்ங்கற இடத்துல நீங்களா 6 போடணும். ஒரு ஸ்லைடுக்கும் இன்னொண்ணுக்கும் தொடர்பு கிடையாது, முதல் ஸ்லைடுல ஒண்ணு கூட்டுனா இங்க வந்து 7ஆ மாத்த வேண்டியது உங்க தலையெழுத்து.

உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் பட்டனைத் தொடாதீங்க. மேல ரூலர்ல ரெண்டு சின்ன முக்கோணம் இருக்கும், மேல உள்ளது புல்லட் எங்க நிக்கணும்ங்கறதுக்கு, கீழ உள்ளது எழுத்து எங்க ஆரம்பிக்கணும்ங்கறதுக்கு. வேர்ட்ல ரைட் கிளிக் பண்ணி அட்ஜஸ்ட் லிஸ்ட் இண்டென்ட்ஸ் போனா அதையே அளவு போட்டு மாத்தலாம், சாதாரணமா புல்லட் 0.25 இன்ச்லயும் எழுத்து 0.5 இன்ச்லயும் இருக்கும். லிஸ்ட் மூணு இலக்கம் போனா, இல்ல எழுத்து பெருசா இருந்தா நம்பருக்கு அந்த இடம் பத்தாது, முதல் வரி மட்டும் தள்ளிப்போய் நிக்கும். டெக்ஸ்ட் இண்டென்ட்டை கொஞ்சம் கூட்டுனா சரி. பாயிண்ட்டுக்குப் பாயிண்ட் இடைவெளி போட்டும் வர மாட்டேங்குதுன்னா பாராகிராஃப் பெட்டில ஒரே ஸ்டைல்ல உள்ள பாராக்களுக்கு நடுவுல இடைவெளி விடாதேன்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுங்க. நானே இதைக் கண்டுபிடிக்காம எத்தனையோ நாள் நடுவுல காலி எண்டர் தட்டிட்டிருந்தேன்.

பவர்பாயிண்ட்ல புல்லட்டோட உருவம், கலர் மாத்தணும்னா ஒவ்வொரு ஸ்லைடா போகாம ஸ்லைடு மாஸ்டர்ல, அதாவது எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அச்சுல, ஒரே தடவை மாத்துங்க. லேஅவுட்டோட வர்ற பெட்டில டைப் பண்ணுனாதான் அது வேலை செய்யும், நீங்களா வரைஞ்சு வெச்ச டெக்ஸ்ட் பாக்ஸுக்கு மாஸ்டர்ல பண்ணுன மாற்றம் வராது. பாயிண்ட் கூடக்கூட அந்த லேஅவுட் பெட்டில எழுத்தைத் தானா சின்னதாக்கிட்டே போகும், கடைசில ஒரு ஸ்லைடுல எழுத்து பெருசு, அடுத்ததுல எறும்பு சைஸ். சின்னதாக ஆரம்பிச்சுதுன்னா ஸ்லைடை ரெண்டா பிரிக்க நேரம் வந்தாச்சுன்னு எடுத்துக்கோங்க. ஒவ்வொரு பாயிண்ட்டா வரவைக்கற அனிமேஷன்ல ரெண்டு பாயிண்ட் ஒட்டிக்கிட்டு வருதா? நடுவுல எண்டருக்குப் பதிலா ஷிஃப்ட் எண்டர் இருக்கும், ரெண்டும் ஒரே பாரா.

அம்பு, டிக் மாதிரி அலங்கார புல்லட்டெல்லாம் பெரும்பாலும் விங்டிங்ஸ் மாதிரி தனி ஃபான்ட்லேர்ந்து வர்றது. அந்த ஃபான்ட் இல்லாத போன்ல திறந்தா கட்டமோ சம்பந்தமில்லாத எழுத்தோ தெரியும். சாதா கறுப்புப் புள்ளி எங்கயும் கை விடாது.

எதுக்கு நம்பர், எதுக்கு புல்லட்? வரிசை மாறுனா வேலை கெட்டுப்போகும்னாலோ, யாராவது "அந்த மூணாவது பாயிண்ட்"னு பேசப் போறாங்கன்னாலோ நம்பர். மத்ததுக்கெல்லாம் புல்லட். ஃபார்மேட்டிங் எவ்வளவு அழகா இருந்தாலும் வார்த்தை ஒரே மாதிரி முடியலைன்னா லிஸ்ட் கோணலாதான் தெரியும், இதைப் பாருங்க:

1. ஃபைலைத் திறக்கவும்
2. பேரை மாத்துதல்
3. சேவ் பண்ணியாச்சான்னு பாருங்க

மூணும் மூணு ஆள் சொல்ற மாதிரி இருக்கு. திறங்க, மாத்துங்க, சேவ் பண்ணுங்கன்னு ஒரே குரல்ல சொன்னா படிக்கறவர் கண்ணு தடுக்காது.

கடைசியா என் "படி 9" பிரச்சனை. வேர்ட்ல அந்த 9ஐ டைப் பண்ணவே கூடாது, இன்செர்ட்ல கிராஸ் ரெஃபரன்ஸ் போய் நம்பர்டு ஐட்டம்னு எடுத்து அந்தப் படிய காட்டுங்க. அது உடனே தானா மாறாது, அதனால நடுவுல படி கூட்டினதும் கண்ட்ரோல் ஏ போட்டு எஃப்9 அமுக்குங்க, எல்லாம் புது நம்பருக்கு மாறிக்கும். நீங்க காட்டின படியையே அழிச்சிருந்தீங்கன்னா அந்த இடத்துல "எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்"னு இங்கிலீஷ்ல தடிச்ச எழுத்துல வந்து நிக்கும், பிரிண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி எரர்ங்கற வார்த்தைய ஒரு தடவை தேடிப் பாத்துடுங்க.