இனநீதி பற்றிப் படித்தாகிவிட்டது, இனி என்ன செய்வது?

பயிற்சி வகுப்பின் சூடு சீக்கிரம் ஆறிவிடும். அதற்குள் ஒரு தாளை எடுத்து, உங்கள் கையால் முடிவாகும் விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: யாரை வேலைக்கு எடுப்பது, யாருக்கு வீட்டை வாடகைக்கு விடுவது, கூட்டத்தில் யாரை முதலில் பேச விடுவது. அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அது நடக்கும் முறையை மாற்றுங்கள். மனம் மாறட்டும் என்று காத்திருந்தால் வேலை நடக்காது.

ஆள் எடுப்பதையே பாருங்கள். பொருளியலாளர்கள் பெர்ட்ரண்டும் முல்லைநாதனும் அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிய ஆய்வு 2004-இல் வெளியானது. வெள்ளையர் பெயர் போல் ஒலித்தவற்றுக்கு 10-க்கு 1 அழைப்பு வந்தது. கறுப்பர் பெயர் போல் ஒலித்தவற்றுக்கு 15-க்கு 1. வித்தியாசம் பெயரில் மட்டும்தான்.

ஆகவே தேர்வுக்குழுவில் இல்லாத ஒருவர், விண்ணப்பங்களில் உள்ள பெயர், படம், முகவரி, பிறந்த ஊர் ஆகியவற்றை மறைத்துக் கொடுக்கட்டும். முதல் விண்ணப்பத்தைத் திறக்கும் முன்பே நான்கைந்து தகுதிகளையும் அவற்றுக்கான மதிப்பெண்ணையும் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால், பிடித்தவருக்கு ஏற்றபடி அளவுகோல் வளையும். இருவர் தனித்தனியே மதிப்பெண் போட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். நேர்காணலில் எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசை. ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே மதிப்பெண்.

இத்தனையும் செய்துவிட்டுக் கடைசியில் "நம்ம குழுவுக்கு ஒத்துவருவாரா?" என்று கேட்டால் எல்லாம் பாழ். வாசலில் விரட்டிய பாகுபாடு அந்தக் கேள்வி வழியாகத்தான் திரும்ப உள்ளே வரும். குழுவுக்கு உண்மையில் என்ன தேவையோ அதையும் ஒரு தகுதியாக முன்பே எழுதுங்கள். விளம்பரம் ஒரே வட்டத்துக்குள் சுற்றினால் பெயரை மறைத்தும் பயனில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

பக்கத்தில் ஒருவர் இனத்தை வைத்துக் கிண்டலடித்தால், அந்த நேரத்தில் வாய் வராது. ஒரு வாக்கியத்தை முன்பே சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்: "இதுல என்ன சிரிப்பு, எனக்குப் புரியலையே?" விளக்கம் சொல்ல முயலும்போதே பெரும்பாலும் பேச்சு தடுமாறும். கிண்டலுக்கு ஆளானவரை அப்போது திரும்பிப் பார்க்காதீர்கள், நியாயம் கேட்டு அவரை நடுவில் இழுக்கவும் வேண்டாம். பிறகு தனியாக, "நான் ஏதாவது செய்யணுமா?" என்று கேளுங்கள். தெருவில் நடந்தால் தாக்குபவரோடு மல்லுக்கு நிற்பதைவிடப் பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் போய் நிற்பது பாதுகாப்பு. வீடியோ எடுத்தால் அது அவருடையது. அவர் சொல்லாமல் எங்கும் போடாதீர்கள்.

தவறு உங்களுடையது என்று யாராவது சுட்டினால் ஒரு வரியில் மன்னிப்புக் கேட்டு நிறுத்துங்கள். நீண்ட விளக்கம் கொடுத்தால் கடைசியில் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளை எடுத்து, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எந்தக் கட்டத்தில் யார் உதிர்ந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே சுற்றை வைத்து முடிவு கட்டாதீர்கள், எண்கள் சிறியவை.