‘கிளாசிக்’ என்ற சொல்லுக்குப் பொருள் கொள்ளும் முறை

வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைப் பலகையில் ‘கிளாசிக்’ என்று கண்டால், வெறும் பழையது என்று எண்ணிவிடாமல், அடுத்து வரும் பெயர்ச்சொல்லை முதலில் பாருங்கள். சட்டைக்கு முன்னால் வந்தால், காலம் மாறினாலும் மதிப்புக் குறையாத எளிய அமைப்பு; நாவலுக்கு முன்னால் வந்தால், தலைமுறைகளைத் தாண்டி நிற்கும் படைப்பு. மருத்துவர் ‘கிளாசிக் அறிகுறி’ என்றால் அதில் பாராட்டு இல்லை. அந்நோய்க்கே உரிய அறிகுறி என்பதே பொருள்.

‘கிளாசிக்கல்’ வேறு. 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தின் முகப்பில் வரிசையாக நிற்கும் உயர்ந்த தூண்களை அண்ணாந்து பாருங்கள். பண்டைய கிரேக்க, ரோமானியக் கட்டட மரபைத் தழுவிய அவற்றுக்கு அச்சொல்லே பொருந்தும். 2004இல் தமிழ் பெற்ற தகுதியையும் அதே சொல்தான் குறிக்கிறது. அதைத் ‘தொன்மொழி’ என்னாமல் ‘செம்மொழி’ என்றது, பழமையைவிடச் செம்மையை முன்னிறுத்தும் மிகச் சரியான தேர்வு என்பேன்.