விசிறி சுற்றுவது படத்தில் தெரிய வேண்டும்

பதினான்கு வருடமாக விமானங்களைப் படமெடுப்பதுதான் என் பிழைப்பு. புதிதாக வருகிறவர்கள் படத்தைக் காட்டினால் என் கண் முதலில் விசிறிக்குத்தான் போகும். ஹெலிகாப்டரின் நான்கு பிளேடும் அசையாமல் நின்றால் மனசு கேட்காது. பறக்கிற எந்திரம் கொலு பொம்மை ஆகிவிடுகிறது. காரணம் ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம். 1/1000 என்றால் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கணக்கைப் பாருங்கள். புரொபெல்லர் (விசிறி) வைத்த பயணிகள் விமானமான ஏடிஆர் 72 புறப்படும்போது அந்த விசிறி நிமிடத்துக்கு 1,200 சுற்று, அதாவது நொடிக்கு 20. ஷட்டர் 1/1000-ல் இருந்தால் அதற்குள் பிளேடு நகர்வது 7 டிகிரி சொச்சம்தான். 1/200-ல் 36 டிகிரி. மொத்தம் ஆறு பிளேடு, இடைவெளி 60 டிகிரி. ஆகவே பாதிக்கு மேல் நிரம்பிவிடும். 1/125-க்கு இறங்கினால் ஏறக்குறைய முழு வட்டம்.

ஹெலிகாப்டர் இன்னும் கஷ்டம். சூலூரிலிருந்து வரும் விமானப்படை சாகசக் குழுவான சாரங்கின் துருவ் ஹெலிகாப்டரில் மேல் ரோட்டர் நொடிக்கு ஐந்து சுற்றுதான் சுற்றும். ஏடிஆருக்கு 1/200-ல் கிடைத்த 36 டிகிரி இங்கே வேண்டுமென்றால் 1/50 வரை போக வேண்டும். நான் 1/80-ல் நிறுத்திக்கொள்வேன். ஜெட்டுக்கு வெளியே சுற்றும் விசிறி இல்லாததால் இந்தக் கவலை இல்லை, 1/1600 வைத்து நிம்மதியாக எடுங்கள்.

400 மில்லிமீட்டர் லென்ஸை 1/80-ல் பிடித்தால் கை நடுக்கமெல்லாம் படத்தில் வந்துவிடும். இதற்கு ஒரே மருந்து பேனிங் பழக்கம், அதாவது ஓடுகிற பொருளோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பது. நான் பழகியது பல்லாவரத்தில், ஜிஎஸ்டி சாலை ஓரத்தில். ஓடுகிற பேருந்தை 1/80-ல் எடுத்து, அதன் பெயர்ப் பலகையை வாசிக்க முடிகிற வரை விடாதீர்கள். எனக்கு இரண்டு மாதம் ஆனது. எந்த இடத்தில் படம் வேண்டுமோ அந்தத் திசைக்குக் காலை ஊன்றுங்கள். அப்புறம் இடுப்பை மட்டும் திருப்பி விமானம் வரும் பக்கம் பாருங்கள். அது நெருங்க நெருங்க உடம்பு தானாக நேராகும், அழுத்தும் நொடியில் இறுக்கம் இருக்காது. முழங்கை விலாவோடு ஒட்டி இருக்கட்டும். அழுத்திய பிறகும் கேமரா விமானத்தோடு போய்க்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

கூலிக்கு எடுக்கிற வேலையென்றால் முதல் சில படங்களை 1/500-ல் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு 1/250, 1/125 என்று இறங்கலாம். 1/80-ல் நூறு எடுத்தால் எனக்குப் பத்து தேறும்.

இன்னொன்று. உச்சி வெயிலில் 1/80 என்றால், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 வைத்தாலும் அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப்/16-ஐத் தாண்டிச் சிறுத்துவிடும். துளை சிறுத்தால், படத்தைப் பதியும் சென்சாரில் உள்ள தூசியெல்லாம் வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள், சென்சாரை முந்தின நாளே சுத்தம் செய்யுங்கள்.

சூரியன் எங்கே என்று பார்க்காமல் இடம் பிடிக்காதீர்கள். மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று நடந்த விமானப்படை சாகசம் காலை 11 மணிக்குத் தொடங்கியது. கடலைப் பார்த்து நின்றால் நண்பகல் வரை வெயில் எதிரேதான். விமானத்தின் அடிப்பக்கம் கறுத்துவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) பிளஸ் ஒன்று ஏற்றித்தான் நிறத்தைக் காப்பாற்ற முடியும். அன்று கொளுத்திய வெயிலில் வந்த கூட்டத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. இரண்டாவது லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

விமான நிலைய வளாகத்திலோ விமானப்படை தளத்திலோ எழுத்தில் அனுமதி இல்லாமல் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். அனுமதி கிடைத்து ஏப்ரனில் (விமானங்கள் நிற்கும் தளத்தில்) இறங்கிவிட்டால், உங்கள் உடம்பில் தளர்வாக எதுவும் தொங்கக் கூடாது. முதல் வருடம் ஒரு பயிற்சிப் பள்ளியில் என் லென்ஸ் மூடி கழன்று உருண்டது. விமானி எஞ்சினைக் கிளப்பாமல் நிறுத்தினார், நாலு பேர் குனிந்து தேடினார்கள். எஞ்சின் அதை உறிஞ்சியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து மூடி, பேட்டரி, கார்டு மூன்றும் ஜிப் போட்ட பையில்தான். உள்ளே போகும்போது எண்ணுவேன். வெளியே வந்ததும் திரும்ப எண்ணி, சரியாக இருக்கிறது என்று பொறியாளரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.