அக்கா தம்பி சண்டைக்கு இனி நான் நடுவர் இல்லை

பிள்ளைகளின் சண்டைக்குத் தீர்ப்பு சொல்வதை நிறுத்திய பிறகுதான் எங்கள் வீட்டில் மாற்றம் வந்தது. யார் பக்கம் பேசினாலும் இன்னொருவருக்கு மனக்கசப்பு. அடுத்த சண்டை அதிலிருந்தே முளைக்கும்.

இப்போது, சண்டைக்குக் காரணமான பொருளை வாங்கி அலமாரி மேல் வைத்துவிடுகிறேன். "ரெண்டு பேருக்கும் சம்மதமான யோசனையோட வாங்க, தர்றேன்" என்று மட்டும் சொல்வேன். அப்புறம் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன், காது மட்டும் இங்கேயே இருக்கும். யாராவது கை ஓங்கினால் உடனே குறுக்கிடுவேன்.

பெரியவள் பேச்சில் கெட்டிக்காரி. சின்னவன் சீக்கிரம் தலையாட்டிவிடுவான். அதனால் முதலில் பேசுவது அவன்தான் என்று விதி வைத்தேன். இது இல்லாவிட்டால் அக்கா சொன்னதே சட்டமாகிவிடும்.

ஒருநாள் பிளாக்குகளில் இருந்த சக்கரங்களுக்காகத் தகராறு. சின்னவன் முனகிக்கொண்டே, "நான் ரெண்டு குவியலா பிரிக்கிறேன், நீ முதல்ல எடுத்துக்கோ" என்றான். எவ்வளவு கவனமாகப் பிரித்தான் தெரியுமா! ஒரு சக்கரம் மிஞ்சிவிட்டது. அதைப் பற்றி வெகுநேரம் பேசிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நீள வண்டியாகக் கட்டினார்கள்.

பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் இருக்கும்போது இது எடுபடாது. அப்போது முதலில் சாப்பாடு, பேச்சு அப்புறம்.