கொக்கி மாட்டினால் கடற்படை விமானம் ஆகிவிடாது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுப் போர் விமானம் ஒன்று பறக்க ஆரம்பித்ததுமே யாராவது கேட்டுவிடுவார்கள்: "இதுல ஒரு கொக்கிய மாட்டி, சக்கரத்தைப் பலமாக்கிட்டா விமானம் தாங்கிக் கப்பலுக்கும் ஆச்சே?" ஆகாது. இந்தத் துறையில் நடந்த பெரும்பாலான தவறுகள் இந்த ஒரே நினைப்பிலிருந்து கிளம்பியவைதான்.

முதலில் தரையிறங்குவதைப் பார்ப்போம். நீண்ட ஓடுதளத்தில் இறங்கும் விமானி கடைசி நொடிகளில் மூக்கைத் தூக்கி, இறங்கும் வேகத்தைக் குறைத்து, மெதுவாகச் சக்கரத்தைப் பதிப்பார். கப்பலில் அதற்கு வழியில்லை. விமானத்தின் வால் கொக்கி பிடித்து நிற்க வேண்டிய கம்பிகள் தளத்தின் குறுக்கே சில பத்து மீட்டருக்குள் கிடக்கின்றன, அதனால் வந்த சரிவிலேயே வந்து தளத்தில் மோத வேண்டியதுதான். தரை விமானத்தின் லேண்டிங் கியர், அதாவது சக்கரமும் அதைத் தாங்கும் காலும், நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் கீழே விழுவதைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது, கப்பல் விமானத்துக்கு அது கிட்டத்தட்ட 7 மீட்டர். இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, ஆகவே அது ஐந்து மடங்குக்கும் மேல்.

அந்த ஆற்றல் சக்கரத்தோடு நின்றுவிடுமா? கியர் பொருந்தியிருக்கும் சட்டத்துக்குப் போகும், அங்கிருந்து உடல் முழுவதும் பரவும். இறங்கும்போது கொக்கி பின்னாலிருந்து இழுக்கிறது, கிளம்பும்போது தளத்திலிருந்து விமானத்தை வீசி எறியும் கேட்டபல்ட் கருவி முன் சக்கரத்தைப் பிடித்து முன்னால் இழுக்கிறது, ஆக நடு உடல் முழுவதையும் பலப்படுத்தியாக வேண்டும். பலப்படுத்தினால் எடை ஏறும், எடை ஏறினால் இறங்கும் வேகம் ஏறும், அதைக் குறைக்கப் பெரிய இறக்கை வேண்டும், பெரிய இறக்கை வைத்தால் மறுபடி எடை. இந்தச் சுழலைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்தில் விமானப்படை வடிவத்தின் இறக்கைப் பரப்பு சுமார் 43 சதுர மீட்டர், கப்பல் வடிவத்துக்கு 62. பெயர் ஒன்றாக இருந்தாலும் அது வேறு இறக்கை.

நம் தேஜஸ் கடற்படை வடிவம் பட்ட பாடும் இதுதான். 2012 ஏப்ரலில் முதன்முறை பறந்தது, 2016 டிசம்பரில் கடற்படைத் தளபதியே எடை அதிகம், அதற்கேற்ற உந்துவிசை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்புறம் 2020 ஜனவரி 11-ல் ஐஎன்எஸ் விக்ரமாதித்யாவில் அழகாக இறங்கியது. உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய சாதனை, அதில் கற்றதெல்லாம் அடுத்த இரட்டை எஞ்சின் விமானத்துக்குப் போகிறது. ஆனால் சோதனையில் இறங்கிக் காட்டுவது ஒன்று, ஆயுதமும் எரிபொருளும் சுமந்து தினம் தினம் போய்வருவது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கொண்டாடிவிட்டு, பிறகு கடற்படை ஏன் வாங்கவில்லை என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை.

கொக்கியையே சின்ன விஷயமாக நினைக்கிறவர்களுக்கு எஃப்-35-இன் கப்பல் வடிவமான எஃப்-35சி நல்ல பாடம். பிரதான சக்கரங்களுக்கும் கொக்கிக்கும் இடையில் தூரம் குறைவு. சக்கரம் ஏறி அழுத்திய கம்பி மறுபடி எழும்புவதற்குள் கொக்கி அதன் மேல் தாண்டிப் போய்விட்டது. 2011 சோதனைகளில் பிடிக்கவே இல்லை. கொக்கியை மறுபடி வடிவமைத்து, 2014 நவம்பரில்தான் யுஎஸ்எஸ் நிமிட்ஸ் கப்பலில் முதல் முறை இறங்கினார்கள்.

அடுத்தது, கப்பல் எந்த வகை என்று முடிவு செய்யாமல் விமானத்தைத் தொடங்குவது. கேட்டபல்ட் என்றால் முன் கியரில் இழுவைக் கம்பு வேண்டும், அது தாங்கும் உடல் வேண்டும். ஸ்கீ ஜம்ப், அதாவது மேல்நோக்கி வளைந்த முன்தளம் என்றால் இழுக்க யாருமில்லை, சொந்த எஞ்சின் பலத்தில்தான் எழும்ப வேண்டும், அதனால் சுமக்கும் ஆயுதமும் எரிபொருளும் குறையும். பாதியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கிற முடிவல்ல இது.

மெதுவாகப் பறக்கும்போது விமானம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் தவறு. இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரைக் கப்பலுக்கு மாற்றிய சீஃபயரில் மூக்கு நீளம், சக்கரங்கள் நெருக்கம், கால்கள் மெல்லியவை. 1943-ல் இத்தாலியின் சலேர்னோ கடற்கரைப் போரில் எதிரி வீழ்த்தியதைவிட இறங்கும்போது உடைந்தவைதான் அதிகம். பிரிட்டிஷ் பயிற்சி விமானமான ஹாக்கைக் கப்பலுக்கேற்ற டி-45 ஆக மாற்றியபோதுகூட, த்ராட்டில் கொடுத்தால் எஞ்சின் உடனே எழும்பவில்லை, இறங்கும் வேகமும் அதிகம் என்று அமெரிக்கக் கடற்படை திருப்பி அனுப்பியது. கம்பியைத் தவறவிட்ட விமானம் அடுத்த நொடியே மேலே எழ வேண்டும், எஞ்சின் யோசித்துக்கொண்டிருந்தால் விமானி கடலில்தான்.

சுடாமல் மிச்சமான ஏவுகணைகளோடு திரும்பி இறங்க முடியுமா என்ற கேள்வியையும் மறந்துவிடுகிறார்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் விலையுயர்ந்த ஆயுதத்தைக் கடலில் போட வேண்டியதுதான்.

உப்புக்காற்றைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை, ஆனால் கார்பன் ஃபைபரும் அலுமினியமும் தொடும் இடங்களில் அரிப்பு வேகமாக வரும் என்பதை வரைபட நிலையிலேயே யோசிக்க வேண்டும். தளத்துக்கும் கீழ்க் கொட்டகைக்கும் இடையே விமானத்தை ஏற்றி இறக்கும் கப்பல் லிஃப்டில் அது நுழையுமா என்பதையும்தான்.

விமானப்படை, கடற்படை இரண்டுக்கும் ஒரே விமானம் என்று மேலிடத்தில் முடிவெடுத்துவிட்டுக் கப்பலைப் பிறகு பார்ப்பதும் உண்டு. அமெரிக்காவின் எஃப்-111பி அப்படிப் பிறந்து, எடை தாளாமல் 1968-ல் கைவிடப்பட்டது, ஏழே ஏழுதான் கட்டினார்கள். தலைகீழாகப் போனால் எளிது: கடற்படைக்காகப் பிறந்த எஃப்-4 ஃபாண்டமை அமெரிக்க விமானப்படையும் விரும்பி எடுத்துக்கொண்டது.

சரி, தரையிலிருந்து கப்பலுக்கு நன்றாகப் போனது எதுவுமே இல்லையா? உண்டு. விமானப்படைப் போட்டியில் எஃப்-16-இடம் தோற்ற ஒய்எஃப்-17-ஐ எடுத்து, கப்பல் விமானம் கட்டிப் பழகிய மெக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தின் தலைமையில் இறக்கை, கியர், உடல், எரிபொருள் கொள்ளளவு என்று கிட்டத்தட்ட எல்லாவற்றையும் புதிதாகச் செய்தார்கள். அதுதான் எஃப்/ஏ-18. விமானம் தாங்கிக் கப்பலே இல்லாத பின்லாந்தும் சுவிட்சர்லாந்தும்கூட அதை வாங்கின. கப்பலுக்கான கனத்தைக் கழித்து எடை குறைத்த எஃப்-18எல் என்ற தரை வடிவத்தை ஒய்எஃப்-17-ஐ உருவாக்கிய நார்த்ராப் நிறுவனம் விற்றுப் பார்த்தது, அதை ஒரு நாடும் வாங்கவில்லை.