கல்திட்டைக்கு வெள்ளையடிக்காதீர்கள்: மலை ஊரில் அறக்கட்டளை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானல் கீழ்மலையில், காப்பியும் மிளகும் மலைவாழையும் கலந்து நிற்கும் ஓர் ஊரில், நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன அறக்கட்டளை தொடங்கினோம். ஊர் முன்னேற்றம், ஊர் மரபு இரண்டையும் பார்த்துக்கொள்வோம் என்று பெரிதாகப் பேசிக்கொண்டோம். முதல் மூன்று வருஷத்தில் செய்ததில் பாதியை இப்போது செய்ய மாட்டோம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமோ, மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர் பக்கமோ யாராவது இதே மாதிரி கிளம்புவதாக இருந்தால் அவர்களுக்காகத்தான் இது.

முதல் தப்பு தையல் மெஷின். சென்னையில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர் பணம் கொடுத்தார், பெண்களுக்கு ஏதாவது செய்யுங்கள் என்றார், நாங்களும் யாரையும் கேட்காமல் ஆறு மெஷின் வாங்கிப் பந்தல் போட்டு, மைக் வைத்து, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து முடித்தோம். காலையில் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பவே சாயங்காலம் ஆகும், அதற்கு மேல் அடுப்பு, பிள்ளைகள். எப்போது உட்கார்ந்து தைப்பது? தைத்தாலும் வாங்க ஆள் வேண்டுமே, வத்தலக்குண்டிலிருந்து ரெடிமேட் துணி வண்டியில் வந்து இறங்குகிறது. மெஷின்கள் இரண்டு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. ஒருநாள் ஒரு அக்கா சொன்னார்: "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, களம் போட்டுத் தரச் சொல்லியிருப்போம்ல?" காப்பி பறிப்பு தொடங்கும் நேரத்தில்தான் வடகிழக்கு மழையும் இங்கே பெய்யும். ரோட்டோரம் காயப்போட்ட காப்பியை ஓடி ஓடி அள்ளுவதை நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்த்தும் தோன்றவில்லை.

கேட்பதிலும் ஒரு தப்பு உண்டு. தமிழ்நாட்டில் இப்போது கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் ஊரே சம்மதித்த மாதிரி என்று நினைத்துக்கொள்வோம். மலையில் ஒரு ஊராட்சி என்பது பல குக்கிராமங்கள். தூரத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து அன்றைக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள், வந்தாலும் கடைசியில் நின்றுவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களுக்கு ஏதாவது செய்வதாக இருந்தால் அவர்கள் இடத்துக்கே போய், அவசரப்படாமல் உட்கார்ந்து கேட்க வேண்டும். விருந்தாளி வரும்போதெல்லாம் அவர்களை ஆடச் சொல்லி வீடியோ எடுப்பதை மரபு வளர்ப்பது என்று சொல்லாதீர்கள், கூச்சமாக இருக்கிறது. அவர்களுடைய மருந்துச் செடி அறிவை எழுதிவைக்கிறேன் என்று நோட்டோடு கிளம்புகிறவர்களும் கொஞ்சம் நிற்கவும். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி ஊராட்சி அளவில் அதற்கென்று மேலாண்மைக் குழுவும் மக்கள் பதிவேடும் உண்டு. சொன்னவரின் சம்மதம் இல்லாமல் அது உங்கள் முகநூல் பதிவாகக் கூடாது.

சரி, தலைப்புக்கு வருகிறேன். பழனி மலை முழுக்கக் கல்திட்டைகள் இருக்கின்றன. பக்கத்துக்கு ஒரு பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல் வைத்தவை. ஊரில் குள்ளர் வீடு என்பார்கள், பாண்டவர் வீடு என்பார்கள். இவை இரும்புக்காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஈமச்சின்னங்கள். செண்பகனூரில் இருந்த யேசு சபைப் பாதிரியார் ஆங்லேடும் நியூட்டன் என்பவரும் சேர்ந்து இவற்றைப் பற்றி எழுதியதை 1928-லேயே இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டிருக்கிறது. தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வே செய்திருக்கிறார். இவ்வளவு மதிப்புள்ள பொருளை நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, 'மரபு நடை' நடத்தப் போகிறோம், வருகிறவர்களுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று சுண்ணாம்பு அடித்தோம். ஒரு கல் சாய்ந்திருந்தது, அதற்கு சிமென்ட் பூசினோம். உள்ளே கிடந்த மண்ணைக் கூட்டி வெளியே கொட்டினோம். மூன்றுமே தப்பு, அதிலும் மோசமானது கடைசிதான். பானை ஓடு, மணி, சாம்பல் என்று ஆய்வாளருக்கு வேண்டியதெல்லாம் அந்த மண்ணில், அது கிடந்த ஆழத்தோடும் வரிசையோடும் இருந்தால்தான் பேசும். கூட்டித் தள்ளியபின் அது வெறும் குப்பை. சிமென்ட் பூசிய இடத்தில் ஈரம் வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும், பிறகு பெயர்க்கப் போனால் கல்லும் சேர்ந்து பெயரும். ஊர்க் கோயில் திருப்பணியில் கல்தூணுக்கு மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதும் இதே வகைதான். அறநிலையத் துறையே கூடாது என்று தடுத்த முறை அது.

புதரை வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் வேரைப் பிடுங்காமல். அளவெடுங்கள், நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அந்த இடம் மத்திய அரசு பாதுகாக்கும் சின்னமாக இருந்தால் சுற்றிலும் 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்கு அனுமதியே கிடையாது, அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து ஏதாவது கிடைத்தால் வீட்டு அலமாரிக்குக் கொண்டுபோகாதீர்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது, 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். இன்னொன்று, கல்திட்டை இருக்கும் இடத்தைக் கூகுள் மேப்பில் குறித்துப் பகிராதீர்கள். அடுத்த அமாவாசைக்கே கடப்பாரையோடு புதையல் கும்பல் வந்து சேரும். அப்புறம் பலகை. 'சித்தர்கள் வாழ்ந்த 5000 ஆண்டுக் குகை' என்று எழுத ஒருவருக்குக் கை அரித்தது, தடுத்துவிட்டோம். ஊர்க்கதையை ஊர்க்கதை என்று குறிப்பிட்டே எழுதலாமே, அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

ஊர் மியூசியம் ஆசை எல்லோருக்கும் வரும். குந்தாணி, மரக்கால், செப்புக்குடம், தாத்தாவின் போட்டோ என்று வீடு வீடாக வாங்கி வந்து அடுக்கினோம். ரசீது கொடுக்கவில்லை. ஒரு பாட்டி இறந்தபின் அவருடைய மகன்கள் மூன்று பேரும் தனித்தனியாக வந்து ஒரே குடத்தைக் கேட்டார்கள். தானமா இரவலா, யார் கொடுத்தது, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தச் சண்டை எங்கள் வாசலுக்கு வந்திருக்காது. போட்டோக்களைக் காற்றுப் போகாத கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம், ஒரு மழைக்காலத்து மூடுபனியில் பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போதெல்லாம் வாங்கிவந்த அன்றே ஸ்கேன் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

மரம் நடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், மேல்மலைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மன்னவனூர்ப் பக்கம் தெரியும் புல்வெளி காலி இடம் இல்லை. சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் இந்த மலை உச்சி, மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து ஓடைக்கு விடுவது அவைதான். ஏற்கெனவே சீகை (வாட்டில் மரம்), யூகலிப்டஸ், பைன் என்று அரசே நட்டுப் புல்வெளியில் பெரும்பகுதி போய், இப்போது அந்த மரங்களை எடுக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் போய் ஆயிரம் கன்று நட்டுவிட்டு வராதீர்கள்.

பணவிஷயத்தில் சின்னச் சின்ன அஜாக்கிரதைதான் பெயரைக் கெடுக்கும். பொருளாளரின் சொந்த போன் நம்பருக்கு கூகுள் பேயில் நன்கொடை வாங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள். டிரஸ்டிகள் எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தால் ஊர் நம்பாது. சங்கமாகப் பதிவதாக இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். நன்கொடை கொடுப்பவருக்கு 80ஜி என்று சொல்லப்படும் வருமான வரிச்சலுகை இருக்கிறது என்று ரசீது கொடுக்கும்போது, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அந்தச் சலுகைக்கான பதிவை வைத்துக்கொண்டு கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுக்கவும் முடியாது, சமயச் செலவு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டுப் பணத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சிங்கப்பூர் மச்சான் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகிவிடும், உங்களுக்கு அதற்கான மத்திய அரசுப் பதிவு இல்லாவிட்டால் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும்.

நிதி திரட்ட ஊர்ப் பொருள் விற்கலாம், நல்லதுதான். ஆனால் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கியது. விலை எகிறுகிறதே என்று சமவெளிப் பூண்டைக் கலந்து அதே பெயரில் விற்றால், பூம்பாறையில் கஷ்டப்பட்டு விளைவிக்கிறவர் வயிற்றில்தான் அடிக்கிறீர்கள்.

கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைக்காதீர்கள், டீக்கடைப் பெரியவர்கள் மட்டும்தான் வருவார்கள். டிசம்பர், ஜனவரியில் காப்பி பறிப்பு, அப்போது கூட்டமே வேண்டாம். மற்ற மாதங்களில் பெண்கள் வேலை முடிந்து வரும் ஐந்து மணி சரியாக இருக்கும். ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் பாதையில் காட்டுமாடு நிற்கும்.